காஃப்கா கன்சோலை இணைப்பது எப்படி: ‘இங்கே’ என்றால் எங்கே?

ஏற்காட்டில் மச்சானின் காப்பித் தோட்டத்து உலர்களத்தில் ஈரப்பதம் அளக்க மூன்று சென்சார் வைத்திருக்கிறோம். அளவுகள் ஒரு ராஸ்பெரி பை (சின்னக் கணினி) வழியாக, தோட்ட அலுவலக அறையில் கிடக்கும் என் பழைய லேப்டாப்பில் ஓடும் காஃப்காவுக்கு வருகின்றன. காஃப்கா என்பது இப்படி வரும் தகவல்களை வரிசையாக வாங்கி வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் மென்பொருள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும் திரைதான் கன்சோல். மூன்று சென்சாருக்குக் காஃப்காவா என்று மச்சானும் கேட்டார். கற்றுக்கொள்ளத்தான். சேலத்திலிருந்து சனிக்கிழமை தோறும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவதற்கு எனக்கும் ஒரு சாக்கு வேண்டும்.

டாக்கர் (மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓடவிடும் கருவி) நிறுவி, காஃப்காவை ஒரு கன்டெய்னரில் ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கன்சோல் இன்னொரு கன்டெய்னரில் ஓடும். கட்டளைகளின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.

முதலில் எந்தக் கன்சோல் என்பது. ஜூகீப்பர் (காஃப்காவுக்கு முன்பு தேவைப்பட்ட துணை மென்பொருள்) முகவரி கேட்கும் பழைய கன்சோல்களைத் தொடாதீர்கள். 2025இல் வந்த காஃப்கா 4.0இல் ஜூகீப்பரே இல்லை. நான் பயன்படுத்துவது ஏகேஹெச்கியூ. அழகில் இதைவிட நல்லவை உண்டு. ஆனால் அமைப்பு முழுவதும் ஒரே யாமல் (அமைப்புகளை எழுதும் உரை வடிவம்) கோப்பில் அடங்கிவிடுகிறது. எனக்கு அது போதும்.

அந்தக் கோப்பில் ‘ஏகேஹெச்கியூ’, அதற்குள் ‘கனெக்‌ஷன்ஸ்’, அதற்குள் உங்கள் கிளஸ்டருக்கு (காஃப்கா சர்வர்களின் தொகுப்புக்கு) ஒரு பெயர், அதற்குள் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, கடைசியாக ‘பூட்ஸ்ட்ராப் புள்ளி சர்வர்ஸ்’, அதாவது கன்சோல் காஃப்காவைத் தேடி முதலில் போகும் முகவரி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளுங்கள். டேப் விசையை அழுத்தினால் கோப்பு படிக்கப்படாது. கிளஸ்டர் பெயரில் புள்ளி வைக்காதீர்கள். நான் ‘ஏற்காடு ஹைஃபன் 1’ என்று வைத்தேன்.

இனி வருவதுதான் என் இரண்டு சனிக்கிழமைகளைத் தின்ற இடம்.

பூட்ஸ்ட்ராப் முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட் 9092’ என்று கொடுத்தேன். லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கணினி’, 9092 என்பது போர்ட், அதாவது வாசல் எண். இணையவில்லை. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான். கன்சோல் தன் வீட்டுக்குள்ளேயே காஃப்காவைத் தேடிக்கொண்டிருந்தது. சரி என்று கம்போஸ் கோப்பில் (கன்டெய்னர்களை விவரிக்கும் டாக்கர் கோப்பு) இருந்த சர்வீஸ் பெயரைப் போட்டு ‘காஃப்கா 9092’ என்று மாற்றினேன். அப்போதும் டாபிக் (காஃப்கா தகவல்களைப் பிரித்து வைக்கும் தலைப்பு) பட்டியல் வராமல் திரை சுழன்றுகொண்டே இருந்தது.

பூட்ஸ்ட்ராப் முகவரி முதல் விசாரிப்புக்கு மட்டுமே. செவ்வாய்ப்பேட்டையில் மண்டிக்காரரிடம் போனில் “சரக்கு எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறீர்கள். அவர் “இங்கேதான்” என்கிறார். அவருடைய ‘இங்கே’ வேறு, அஸ்தம்பட்டியில் நிற்கும் உங்களுடைய ‘இங்கே’ வேறு. காஃப்காவும் இதையேதான் செய்கிறது. போய்க் கேட்டதும் ‘அட்வர்டைஸ்டு லிசனர்ஸ்’ என்ற அமைப்பில் எழுதியிருக்கும் முகவரியைத் திருப்பிக் கொடுக்கிறது. என்னுடையதில் அங்கே லோக்கல்ஹோஸ்ட் இருந்தது. கன்சோல் அதை நம்பி, மறுபடியும் தன் வீட்டுக்குள்ளேயே தேடியது.

எனவே காஃப்காவுக்கு இரண்டு வாசல் (லிசனர்) வையுங்கள். ‘இன்டர்னல்’ 29092இல், இதன் அட்வர்டைஸ்டு முகவரி ‘காஃப்கா 29092’. ‘எக்ஸ்டர்னல்’ 9092இல், இதன் முகவரி லேப்டாப்பின் ஐபி, என்னுடையது 192.168.1.20. கன்சோல் முதல் வாசலுக்கும் ராஸ்பெரி பை இரண்டாவதுக்கும் போகும். வாசல்களுக்கு நீங்களாகப் பெயர் வைத்தால், அவற்றை ‘லிசனர் செக்யூரிட்டி புரோட்டோகால் மேப்’ வரியிலும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் காஃப்கா எழுந்தே இருக்காது. காஃப்கா தன் உள்வேலைக்கு ஏற்கெனவே வைத்திருக்கும் கன்ட்ரோலர் வாசலை அப்படியே விட்டுவிடுங்கள். 0.0.0.0 என்பதை ‘லிசனர்ஸ்’ வரியில் போடலாம், அட்வர்டைஸ்டு வரியில் போடக் கூடாது.

எந்த முகவரி தவறு என்பதைக் கன்சோலின் லாக்கே (அது எழுதிவைக்கும் பதிவு) சொல்லிவிடும். ‘கனெக்‌ஷன் டு நோட்’ என்று ஓர் எச்சரிக்கை வரி வரும். அதையடுத்து ‑1 என்று இருந்தால் நீங்கள் கொடுத்த பூட்ஸ்ட்ராப் முகவரியிலேயே கோளாறு. 1 போன்ற உண்மையான புரோக்கர் (காஃப்கா சர்வர்) எண் இருந்தால், விசாரிப்பு முடிந்துவிட்டது, திருப்பிக் கொடுத்த முகவரிதான் எட்டவில்லை. அது எந்த முகவரி என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கும். எத்தனையோ முறை அந்தக் கழித்தல் குறியைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டியிருக்கிறேன்.

லாக் போதவில்லை என்றால் அளவைக் கூட்டலாம். யாமல் கோப்பில் ‘லாக்கர்’, அதற்குள் ‘லெவல்ஸ்’ என்று எழுதி, ‘ஆர்க் அப்பாச்சி காஃப்கா கிளையன்ட்ஸ்’ என்பதற்கு டீபக் (விரிவான பதிவு) கொடுங்கள். சொற்களுக்கு இடையில் புள்ளி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற 28081 போர்ட்டில் ‘லாக்கர்ஸ்’ முகவரிக்கு போஸ்ட் வகைக் கோரிக்கை அனுப்பலாம். அந்தப் போர்ட்டையும் கம்போஸ் கோப்பில் வெளியே திறந்திருக்க வேண்டும். நான் விரும்புவது இந்த இரண்டாவது வழிதான், ஏனென்றால் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஒருமுறை கோப்பில் ட்ரேஸ் (டீபக்கைவிடவும் விரிவான பதிவு) என்று எழுதி, மறந்து, மலையிறங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஏறியபோது டிஸ்க் நிரம்பி எல்லாமே நின்றிருந்தது. டாக்கர் தானாக லாக்கை வெட்டாது. கம்போஸ் கோப்பில் லாக்குக்கு ‘மேக்ஸ் சைஸ்’ 10 எம்பி, ‘மேக்ஸ் ஃபைல்’ 3 என்று கொடுத்துக் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய கன்டெய்னருக்கு அது பொருந்தாது.

பின்சேர்க்கை: கடவுச்சொல் வைத்த கிளஸ்டரோடு இணையவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். இருவரும் கடவுச்சொல்லை எழுதும் ‘சாஸ்ல் ஜாஸ் கான்ஃபிக்’ வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்கவில்லை. அது இல்லாமல் அந்த வரி செல்லாது.

இன்னொரு பின்சேர்க்கை: மழையில் கரண்ட் போய் வந்த பிறகு, கன்சோல் வேலை செய்கிறது, சென்சார் அளவு மட்டும் வரவில்லை என்று மச்சான் கூப்பிட்டார். ரவுட்டர் லேப்டாப்புக்கு வேறு ஐபி கொடுத்திருந்தது. அட்வர்டைஸ்டு வரியில் பழைய 20தான் இருந்தது. ரவுட்டரில் அந்த ஐபியை லேப்டாப்புக்கென்றே ஒதுக்கிவிட்டேன். நீங்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.