மெனோபாஸுக்கு அப்புறம் எலும்பு: சொந்தத்துல என்ன விசாரிக்கணும், எப்ப ஸ்கேன் எடுக்கணும்

நம்ம கொங்குப் பக்கம் முட்டி வலிச்சா டாக்டர்கிட்ட போயிருவாங்க, ஆனா எலும்பு அடர்த்தி கொறயறத யாரும் பாக்கறதே இல்லீங்க, ஏன்னா ஒடையற வரைக்கும் அது பெரும்பாலும் வலிக்கறதில்ல. பீரியட்ஸ் நின்னா ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் கொறஞ்சு அடுத்த அஞ்சாறு வருஷம் எலும்பு வேகமா கரையும், சிலருக்கு 20 சதவீதம் வரைக்கும் போயிரும். அதுக்கு முன்னாடி, 30 வயசுவாக்குல எலும்பு எவ்வளவு கெட்டியா இருந்துச்சுங்கறதுதான் பெரிய விஷயம், அது ஆளாளுக்கு மாறுறதுல பாதிக்கு மேல ஜீன்தான் காரணம்னு இரட்டையர்கள வெச்சு பண்ணுன ஆய்வுங்க காட்டுது.

அதனால மொதல்ல சொந்தத்துல விசாரிங்க. அம்மா, அம்மிச்சியோட நிறுத்தீராதீங்க, அப்பா, ஆத்தா, அத்தைங்கன்னு அந்தப் பக்கமும் கேளுங்க, ஜீன் ரெண்டு பக்கமும்தான வருது, நெறய பேரு இத விட்டுர்றாங்க. "எலும்பு தேய்மானம் இருந்துச்சா"ன்னு கேட்டா எல்லாரும் முட்டியத்தான் சொல்லுவாங்க. வாசல்ல சும்மா வழுக்கி உழுந்ததுக்கே இடுப்பெலும்பு ஒடஞ்சு பிளேட்டு வெச்சாங்களா, கைய ஊனி மணிக்கட்டு ஒடஞ்சுச்சா, வயசாக ஆக கூன் உழுந்து ஒயரம் கொறஞ்சாங்களா, அப்ப என்ன வயசுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க. பைக் ஆக்சிடென்ட்ல ஒடஞ்சத சேக்க வேண்டாம். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சிருந்தா அசால்டா விடாதீங்க, எலும்பு முறிவு ரிஸ்க்க கணக்கு போடற ஃப்ராக்ஸ்ல அதத் தனிக் கேள்வியாவே கேப்பாங்க. அம்மாவுக்கு எந்த வயசுல பீரியட்ஸ் நின்னுச்சுன்னும் கேளுங்க, அதுவும் ஓரளவு பரம்பரைதான்.

எச்சில் குடுத்து பாக்கற ஜீன் டெஸ்டுக்கு காசு செலவு பண்ண வேண்டாம்ங்கறதுதான் என்னோட கருத்து. எலும்பு அடர்த்தியோட சம்பந்தப்பட்ட எடம் 500க்கு மேல ஜீன்ல கண்டுபிடிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் துளித்துளியாத்தான் வேலை செய்யுது, எல்ஆர்பி5 மாதிரி ஒரே ஜீன்ல பெரிய கோளாறு வர்றது ரொம்ப அபூர்வம்.

அந்தக் காசுல டெக்ஸா ஸ்கேன் எடுங்க, எலும்பு அடர்த்திய அளக்கற எக்ஸ்ரே ஸ்கேன் அது. கோயமுத்தூர்ல வசதி இருக்கு, இடுப்பும் முதுகுத்தண்டும் சேத்துப் பாக்கணும், கேம்ப்ல குதிகால மட்டும் பாத்து சொல்றத வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஆரோக்கியமான எளவயசுக்காரங்க எலும்போட நம்ம எலும்பு அடர்த்திய ஒப்பிட்டுச் சொல்ற டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஓ அதுக்கும் கீழயோ இருந்தா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு லேசுல ஒடையற நோய். 65 ஆனா எல்லாருமே எடுக்கணும், ஆனா சொந்தத்துல இடுப்பெலும்பு ஒடஞ்சவங்க இருந்தாலோ, 45க்கு முன்னாடியே பீரியட்ஸ் நின்னிருந்தாலோ, கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்திருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டிருந்தாலோ அது வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட கேட்டு முன்னாடியே எடுங்க.

ஜீன மாத்த முடியாது, சாப்பாட்ட மாத்தலாமுங்க. மெனோபாஸுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேணும், 100 கிராம் ராகில சுமார் 350 கெடைக்கும், அப்புறம் பால், தயிர், கீரை. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குள்ளயே காலைலருந்து இருக்கறவங்க விட்டமின் டி-யும் பாத்துக்கங்க. டெய்லி நடங்க.

மகளுக்கு இப்ப 20, 25 வயசுன்னா விசாரிச்சு எழுதுனத அவகிட்டயும் காட்டுங்க, அவளுக்கு எலும்பு கெட்டியாகற வயசு இதுதான், டயட்டுன்னு சொல்லி பாலு, ராகி எல்லாத்தையும் நிறுத்தீர விடாதீங்க.