பிரஷர் குக்கரா, ஸ்லோ குக்கரா?

இவ்விரண்டில் எதை வாங்குவது என்று தயங்குபவர்கள், விலையைப் பார்ப்பதற்கு முன் சமையலுக்குத் தங்களிடம் எந்த வேளையில் நேரம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிரஷர் குக்கருக்குள் நீராவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. பருப்பும் இறைச்சியும் அதில் விரைவாக வேகக் காரணம் இதுவே. ஸ்லோ குக்கர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, பல மணி நேரம் நிதானமாக வேகவைக்கிறது. காலையில் நிரப்பிவிட்டு வேலைக்குச் சென்று, மாலையில் சூடாகச் சாப்பிட விரும்புபவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு (நானும் அவர்களில் ஒருவன்) அது ஒத்துவராது, ஏனெனில் வெளியேறிய சூடு மீண்டும் சேர நெடுநேரம் ஆகும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. ராஜ்மாவை வேகவைக்காமல் நேரடியாக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்பொருள் குறைந்த சூட்டில் அழியாமல் தங்கி, கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே அதில் சேர்க்கலாம்.

பிரஷர் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், நுரைத்துப் பொங்கும் பருப்பு வகைகளுக்குப் பாதிக்கு மேலும் நிரப்பக் கூடாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் தேர்வு பிரஷர் குக்கரே.