சிட்னிக்குப் புதுசா வந்திருக்கீங்களா? வெள்ளம், காட்டுத்தீன்னா யாரைக் கூப்பிடணும்

வீடு தேடுறது, மெடிகேர், பசங்க ஸ்கூல்னு முதல் மாசம் ஓடுற ஓட்டத்துல இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது, ஆனா ஒரே ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதையும் முடிச்சிடுங்க ப்ளீஸ்.

முதல்ல மூணு நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க. உயிருக்கு ஆபத்துன்னா 000, போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் அதுதான். புயல்ல கூரை பிச்சுக்கிச்சு, மரம் வீட்டு மேல சாஞ்சிருச்சு, வெள்ளத் தண்ணி ஏறுதுன்னா 132 500, அது ஸ்டேட் எமர்ஜென்சி சர்வீஸ், இங்க எல்லாரும் எஸ்.இ.எஸ்.னுதான் சொல்வாங்க. மூணாவது 131 450, அரசாங்கத்தோட மொழிபெயர்ப்பு சேவை, தமிழ் வேணும்னு கேட்டு, எஸ்.இ.எஸ். லைன் போடச் சொன்னா மொழிபெயர்ப்பாளர் நடுவுல இருந்து பேசுவாங்க.

எஸ்.இ.எஸ்.க்கு போன் பண்ண நம்ம ஆளுங்க ரொம்ப தயங்குறாங்க, பில் வருமோ, விசால ஏதாவது சிக்கல் ஆகுமோன்னு பயம். ஆம்புலன்ஸுக்கு நியூ சவுத் வேல்ஸ்ல, அதாவது சிட்னி இருக்கிற மாநிலத்துல, பில் வரும், அது உண்மை, உங்க ஹெல்த் கவர்ல ஆம்புலன்ஸ் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. எஸ்.இ.எஸ். உதவிக்கு ஒரு காசு கிடையாது, யாரும் விசாவும் கேக்க மாட்டாங்க. ஆரஞ்சு யூனிஃபார்ம்ல ராத்திரி 2 மணிக்கு உங்க கூரை மேல ஏறி தார்ப்பாய் கட்டுறவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியர், காலைல அவருக்கும் ஆபீஸ் இருக்கும். 1955ல ஹண்டர் பள்ளத்தாக்குல மைட்லண்ட் ஊரையே மூழ்கடிச்ச வெள்ளத்துக்கு அப்புறம் ஆரம்பிச்ச அமைப்பு இது. 2015 சென்னை வெள்ளத்துல மீனவர்கள் படகோட வந்து நின்னாங்களே, அதே மனசுதான், இங்க அதுக்கு பயிற்சியும் ஒரு நம்பரும் இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, அவங்க செய்றது தற்காலிக உதவி, கூரையை முழுசா சரி பண்றது வீட்டு ஓனரோட பொறுப்பு.

ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க், ரிவர்ஸ்டோன் பக்கம் வீடு பாக்குறீங்கன்னா கவுன்சில்ல வெள்ள மேப் கேட்டுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க, 2021லயும் 2022லயும் ஹாக்ஸ்பரி ஆறு பொங்கி விண்ட்ஸர் பக்கம் ரோடெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. ரோட்ல தண்ணி ஓடுச்சுன்னா காரை இறக்காதீங்க, 15 செ.மீ. தண்ணியே சின்ன காரை மிதக்க வெச்சிடும். இன்ஷூரன்ஸ் எடுக்குறப்போ புயலும் வெள்ளமும் தனித்தனியா எழுதியிருக்கும், வெள்ளம் கவர் ஆகுதான்னு வாய்விட்டுக் கேளுங்க.

காட்டுத்தீன்னா கூப்பிட வேண்டியது 000தான், அதை அணைக்கிற அமைப்பு ரூரல் ஃபயர் சர்வீஸ், அவங்களும் பெரும்பாலும் வாலண்டியர்தான். சீசன் பொதுவா அக்டோபர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும். டோட்டல் ஃபயர் பேன், அதாவது வெளியில நெருப்பு மூட்டவே தடைன்னு அறிவிச்ச நாள்ல, பார்க்ல கரி போட்டு சிக்கன் சுடக்கூடாது, பெரிய அபராதம். ப்ளூ மவுண்டன்ஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஹஸார்ட்ஸ் நியர் மீ ஆப்ல பாத்துட்டுப் போங்க, மஞ்சள்னா கவனமா இரு, ஆரஞ்சுன்னா இப்பவே ஏதாவது செய், சிவப்புன்னா உயிருக்கே ஆபத்து. சிவப்பு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிட்டா தற்காலிகமா தங்குற எவாகுவேஷன் சென்டர் எங்க திறந்திருக்காங்கன்னு இங்கத்த பொதுத்துறை வானொலியான ஏபிசி ரேடியோல சொல்வாங்க, கரண்ட் போயிட்டா கார் ரேடியோல கேளுங்க. அங்க ரெட் கிராஸ் ஆளுங்க இருந்தா பேரைப் பதிஞ்சிடுங்க, ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க உங்களைத் தேடுனா அந்தப் பதிவு உதவும்.

எனக்கு ரொம்ப கவலை ஊர்ல இருந்து வந்து தங்குற அப்பா அம்மாவைப் பத்திதான், நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் பகல் முழுக்க தனியா இருப்பாங்க. வீட்டு அட்ரஸையும் மூணு நம்பரையும் பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. 000 அடிச்சா முதல்ல போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ்ல எது வேணும்னு கேப்பாங்க, அந்த ஒரு வார்த்தையும் ‘டமில்’ங்கிறதையும் சொன்னாப் போதும், சும்மா வீட்ல ரெண்டு தடவை சொல்லிப் பாக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டயும் அவங்களைக் கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்துங்க.

கொஞ்சம் செட்டில் ஆனதும் உங்க ஏரியா எஸ்.இ.எஸ். யூனிட்டுக்குப் போய் வாலண்டியரா சேர முடியுமான்னு விசாரிங்க. ஏணி ஏற முடியாதவங்களுக்கும் போன் எடுக்கிற வேலை, சமையல்னு ஏதாவது இருக்கும், தமிழ் பேசத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உள்ள இருந்தா நம்ம பெரியவங்களுக்கு அவ்வளவு தைரியம்.