நீல வெண் பீங்கானில் விண்மீன் தெய்வங்களை இனங்காணும் முறை

சீனாவின் ஜிங்தேஜென் சூளைகளில் உருவான நீல வெண் பீங்கானில் தெய்வ உருவங்களைக் கண்டால், முகத்தைவிட அவை கையில் ஏந்தியிருப்பதையே முதலில் கவனியுங்கள். புடைத்துயர்ந்த வழுக்கை நெற்றியும், கணுக்கள் நிறைந்த நீண்ட கைத்தடியும், பீச் பழமும் கொண்ட முதியவர் ஷோவ்லாவ். நாம் அகத்தியர் என்றழைக்கும் விண்மீனின் வடிவமான இவர், தாவோ நெறியில் ஆழ்ந்திருந்த ஜியாஜிங் பேரரசரின் காலத்துப் (1522–1566) பாண்டங்களில் அடிக்கடி தோன்றுகிறார். அவருடன் அங்கியணிந்த இருவர் நின்றால், அம்மூவரும் நற்பேறு, பதவி, நீண்ட ஆயுள் ஆகியவற்றின் விண்மீன் தெய்வங்கள்.

இவர்களைவிட என்னை ஈர்ப்பவர், தேர்வெழுதுவோரின் தெய்வமான க்விஷிங். கொம்பு முளைத்த பேய்முகத்துடன், கடல்விலங்கின் தலைமேல் ஒரு காலூன்றி, மற்றதைப் பின்னே உதைத்து, ஒரு கையில் தூரிகையை ஓங்கி, மறுகையில் சப்தரிஷி மண்டலத்தைக் குறிக்கும் தானியம் அளக்கும் மரக்கால் போன்ற அளவையைப் பிடித்திருப்பார். சில ஓவியர்கள் அம்மண்டலத்தையே புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக அருகில் தீட்டினர்.

பாண்டத்தின் அடியில் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் குறிக்கும் ஆட்சி முத்திரையை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். காங்ஷி பேரரசரின் காலத்துப் (1662–1722) பாண்டங்கள் பலவற்றில், முன்னோர் மீதுள்ள மதிப்பால், செங்ஹுவா பேரரசரின் (1465–1487) முத்திரையே எழுதப்பட்டுள்ளது. ஆடை மடிப்புகளில் கோபால்ட் நீலம் பல அடர்த்திகளில் படிப்படியாக இறங்கி வருகிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். அந்த நுட்பம் காங்ஷி காலத்தில் உச்சம் தொட்டது.