புதுத் தொட்டித் தண்ணீர் வெளுத்தபோது

கொளத்தூரில் வாங்கிய இரண்டடி மீன் தொட்டி, சுமார் 55 லிட்டர் பிடிக்கும். ஜல்லியை நன்றாக அலசித்தான் போட்டேன். இருந்தும் சில நாளில் தண்ணீர் நீராகாரம் மாதிரி வெளுத்துவிட்டது. "மொத்தத்தையும் கொட்டிட்டு மாத்துங்க" என்றார் கடைக்காரர். நான் மாற்றவில்லை. ஜல்லித் தூசி என்றால் அடியில் படிந்திருக்கும். இது படியவே இல்லை, அதனால் பாக்டீரியா பெருக்கம்தான். அது தானாக அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது அம்மோனியாவை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே மீனுக்கு விஷம். இந்தப் பாக்டீரியா வளர வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதைச் சுருக்க, நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஈரம் காயாமல் அதே தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்தேன். கறுப்பேறி, வழவழவென்று, பார்க்கவே சகிக்காது. அந்த அழுக்கில்தான் இந்தப் பாக்டீரியாவே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். அந்தப் பழைய ஃபில்டரைப் புது ஃபில்டர் பக்கத்திலேயே இரவு பகலாக ஓடவிட்டேன். மீன் இன்னும் விடவில்லை, அதனால் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு; அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குத் தீனி. தண்ணீர் குறைந்த அளவுக்கு, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்த தண்ணீரை ஊற்றினேன்.

வெளுப்பு போனதும் அவசரப்படவில்லை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகே கப்பி மீன், அதுவும் முதலில் நாலே நாலு.