முந்திரி லோடு அனுப்புறதுக்கு முன்னாடி ஒப்பந்தம் எழுதுறது எப்படி? முதல் தடவை எழுதுறவங்களுக்கு

பண்ருட்டி பக்கம் நாங்க ஒரு சின்ன முந்திரி யூனிட் நடத்துறோம். கொட்டையை வாங்கி உடைச்சு, தோல் எடுத்து, தரம் பிரிச்சு, டின்ல அடைச்சு பாண்டில இருக்கிற ஸ்வீட் கடைங்களுக்கு போடுறோம். ரொம்ப வருஷம் எல்லாமே வாய் வார்த்தைதான். ஒரு தீபாவளிக்கு முன்னாடி ஒரு கடைக்கு 40 டின் போட்டோம், போன்ல பேசினது "நல்ல முழுப் பருப்பு" அவ்ளோதான். கடைக்காரர் மனசுல இருந்தது 240ங்கிற தரம், நாங்க ஏத்தினது 320 (ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிக்கும்ங்கிற கணக்கு இது). ரெண்டும் முழுப் பருப்புதான், ரெண்டும் நல்ல பருப்புதான், ஆனா 240 பெருசு, விலையும் அதிகம். பாதி சரக்கு திரும்பி வந்துச்சு. அப்பா வண்டி பக்கத்துல நின்னு ஒவ்வொரு டின்னா எண்ணி இறக்குனது இன்னும் எனக்கு கண்ணுலயே நிக்குது. அதுக்கப்புறம் பேப்பர்ல எழுதாம ஒரு டின் கூட நாங்க அனுப்புறதில்ல.

வாய் பேச்சு செல்லாதுன்னு நெனச்சுக்காதீங்க, 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய் பேச்சும் ஒப்பந்தம்தான். பிரச்சினை என்னன்னா நாளைக்கு அதை நிரூபிக்கறது கஷ்டம்.

ஸ்டெப் 1: எதிர்ல இருக்கிறது யாருன்னு பாருங்க

கடை பேரை மட்டும் எழுதினா பத்தாது. அது தனி ஆள் கடையா, பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா? ஜிஎஸ்டி நம்பரை போர்ட்டல்ல போட்டாலே சட்டப்படி உள்ள பேரு வந்துடும், அந்தப் பேரை அப்படியே எழுதுங்க. கையெழுத்து போடுறவருக்கு அந்த அதிகாரம் இருக்கான்னும் கேளுங்க, கல்லால உட்கார்ற மேனேஜர் கையெழுத்தை வெச்சு ஓனர் கிட்ட போய் நிக்க முடியாம போயிடலாம். நீங்களே பார்ட்னர்ஷிப்பா இருந்தா ஒண்ணு முக்கியம், ஃபர்மை ரிஜிஸ்டர் பண்ணலைன்னா அந்த ஒப்பந்தத்தை வெச்சு ஃபர்ம் பேர்ல கேஸ் போட முடியாது, 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்துல அப்படி இருக்கு.

ஸ்டெப் 2: சரக்கு என்னன்னு அளந்து எழுதுங்க

என்னைக் கேட்டா மொத்த ஒப்பந்தத்துல இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும். "நல்ல", "தரமான", "சீக்கிரம்", "தேவைப்படும்போது" இந்த மாதிரி வார்த்தை எங்க வந்தாலும் பேனாவை எடுத்து அடிங்க, அதுக்கு பதிலா ஒரு நம்பரோ ஒரு தேதியோ போடுங்க. 320ன்னா ஒரு பவுண்டுக்கு 300லேர்ந்து 320 பருப்பு நிக்கும், 240ன்னா 220லேர்ந்து 240. இதை எண்ணிப் பாக்கலாம், "நல்ல பருப்பை" எப்படி எண்றது? நாங்க இப்ப எழுதுறது இப்படி (டபிள்யூன்னா வெள்ளை முழுப் பருப்பு):

"விற்பவர் டபிள்யூ 320 தர முழு முந்திரிப் பருப்பு 40 டின், டின் ஒன்றுக்கு நிகர எடை 10 கிலோ வீதம், வழங்க வேண்டும். ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடைசல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், சரக்கு வந்த 2 நாளுக்குள் வாங்குபவர் போட்டோவுடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்."

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க, அது இல்லைன்னா தீபாவளி முடிஞ்சு மிச்சம் இருக்கிற டின்னெல்லாம் "தரம் சரியில்ல"ன்னு திரும்பி வரும். இன்னொரு பழக்கமும் வெச்சிருக்கோம், கால் கிலோ சாம்பிளை கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம்.

ஸ்டெப் 3: பணம்

கிலோ என்ன விலை, வரி உள்ளயா தனியா, வண்டி வாடகை யாரு, அட்வான்ஸ் எவ்ளோ. பாண்டி நமக்கு பக்கத்து ஊரு மாதிரி இருந்தாலும் அது வேற யூனியன் பிரதேசம், அதனால பில்லுல ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டி விக்கிறதுக்கான ஜிஎஸ்டி) வரும், விலை பேசும்போதே அதை சொல்லிடுங்க.

பாக்கி எப்ப வரும்ங்கிறதுதான் பெரிய தலைவலி. எங்களை மாதிரி தயாரிக்கிற சின்ன யூனிட்டுக்கு உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சின்ன தொழில்களுக்கான அரசு பதிவு) இருந்தா 2006 எம்எஸ்எம்இ சட்டம், அதாவது சிறு, நடுத்தர தொழில்களுக்கான சட்டம், நமக்குக் கூட நிக்குது: எழுத்துல தேதி பேசலைன்னா 15 நாள்ல பணம் கொடுக்கணும், எழுத்துல பேசினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. ஒப்பந்தத்துல 90 நாள்னு எழுத வெச்சாலும் சட்டம்தான் ஜெயிக்கும். உங்க உத்யம் நம்பரை ஒப்பந்தத்துலயே போட்டு வைங்க.

ஸ்டெப் 4: தப்பா போனா என்ன

நல்லா பேசிட்டு இருக்கும்போது இதை எடுக்க சங்கடமா இருக்கும், ஆனா எடுங்க. "ஒரு நாள் லேட்டானா ஒரு லட்சம்"னு மிரட்டுற மாதிரி எழுதி பிரயோஜனம் இல்ல, ஒப்பந்தச் சட்டத்தோட 74வது பிரிவுப்படி கோர்ட் நியாயமான நஷ்ட ஈடுதான் கொடுக்கும், நீங்க எழுதின தொகை அதுக்கு மேல் வரம்பு, அவ்ளோதான்.

நம்ம கரைக்கு புயல் ஷரத்து கட்டாயம் வேணும். 2011 டிசம்பர் 30 "தானே" புயல்ல இங்க முந்திரித் தோப்பே சாஞ்சு போச்சு, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரையைக் கடந்து ஊரே தண்ணில நின்னுச்சு. அதே ஒப்பந்தச் சட்டத்துல 56வது பிரிவு இருக்கு, ஆனா அது செய்யவே முடியாம போனாத்தான் உதவும், ரோட்டுல தண்ணி நிக்குது, கொட்டை விலை ஏறிடுச்சுங்கிறதுக்கெல்லாம் உதவாது. அதனால நீங்களே எழுதுங்க: புயல், வெள்ளத்தால சாலை அடைஞ்சா எத்தனை நாளுக்குள்ள தகவல் சொல்லணும், எத்தனை நாள் கூடுதல் டைம், அதுக்கும் மேல போனா ஆர்டரை கேன்சல் பண்ணி அட்வான்ஸை எத்தனை நாள்ல திருப்பணும்.

ஸ்டெப் 5: எந்த ஊரு கோர்ட்

விக்கிறவர் கடலூர் மாவட்டம், வாங்குறவர் புதுச்சேரி, அப்ப ரெண்டு ஊர்லயும் கேஸ் வர வழி இருக்கு. "கடலூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்"னு எழுதலாம், அந்த "மட்டுமே" ரொம்ப முக்கியம். சம்பந்தமே இல்லாத ஊரை எழுதினா நிக்காது.

ஸ்டெப் 6: ஸ்டாம்ப் பேப்பர், கையெழுத்து

முத்திரைத் தீர்வை கட்ட வேண்டிய பேப்பரா இருந்து கட்டலைன்னா அதை கோர்ட்ல சாட்சியமா எடுத்துக்க மாட்டாங்க, அபராதத்தோட கட்டினாத்தான் உள்ள வரும். உங்க ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேணுமா, வேணும்னா எவ்ளோ மதிப்புக்குன்னு பத்திரம் எழுதுறவர்கிட்டயோ வக்கீல்கிட்டயோ கேட்டுக்குங்க. ஆறு மாசத்துக்கு மேல ஆன ஸ்டாம்ப் பேப்பர் செல்லாதுன்னு ஊர்ல சொல்வாங்க, அது தப்பு, அந்த ஆறு மாசம் பணம் திருப்பிக் கேக்கறதுக்குத்தான்னு 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ரெண்டு காப்பி போட்டு எல்லா பக்கத்துலயும் ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, பேனாவால திருத்தின இடத்துலயும் தான். போடுறதுக்கு முன்னாடி எதிர்ல உட்கார்ந்து சத்தமா படிச்சுக் காட்டுங்க, எங்க அவர் "அப்படின்னா?"னு கேக்கறாரோ அந்த வரியை அங்கயே மாத்தி எழுதுங்க. தமிழ்ல எழுதினாலும் செல்லும்.

அப்புறம் விலை மாறினா, டின் கூடினா வாட்ஸ்அப்லயாவது "சரி"ன்னு வாங்கி வைங்க, அந்த சாட்டை அழிக்காதீங்க. பாக்கி நின்னுச்சுன்னா பணம் வர வேண்டிய தேதிலேர்ந்து பொதுவா மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும், நாங்க அந்தக் கடைசி தேதியை ஃபைல் மேல சிவப்பு பேனாவால எழுதி வெச்சிடுவோம்.