உள்நாட்டுப் போர் டோக்கன் சேர்க்கப் போகிறீர்களா?

1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முற்றியபோது மக்கள் தங்கம், வெள்ளிக் காசோடு நிற்காமல் ஒரு சென்ட் காசைக்கூடப் பதுக்கிவிட்டார்கள். தபால்தலையைக் கொடுத்துச் சாமான் வாங்கும் நிலை. அப்போது கடைக்காரர்களே செம்பிலும் பித்தளையிலும் அடித்துவிட்டவைதான் இந்த டோக்கன்கள். அளவு சென்ட் மாதிரியே, சுமார் 19 மி.மீ. பெரும்பாலானவற்றில் 1863 என்று இருக்கும். 1864-ல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

முதலில் கொடி, கழுகு போட்ட தேசபக்தி வகையில் இரண்டு மூன்று வாங்கிக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், விலை குறைவு. சிலவற்றில் 'ஒன் சென்ட்' என்று பெரிதாக இருக்கும், அதற்கு மேல் 'நாட்' (அல்ல) என்பது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். கள்ளக்காசு வழக்கு வந்தால் தப்பிக்கத்தான், வேறென்ன!

அப்புறம் கடைப்பெயர் போட்டவைக்கு வாருங்கள், சுவாரசியமே இங்கேதான். நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லரின் டோக்கனில் ஒரு பக்கம் தாடிக்காரர் தலை, மறுபக்கம் பீர் குவளை. பத்து லட்சத்துக்கு மேல் விட்டார் என்பார்கள். குதிரை டிராம் கம்பெனி ஒன்று தன்னிடம் குவிந்ததை மாற்றித் தரச் சொன்னபோது மனுஷர் கையை விரித்துவிட்டார். நிறைய விட்டதால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. எல்லா ஊரையும் துரத்தாமல் ஒரே ஊரைப் பிடியுங்கள். சின்சினாட்டி என்றால் மளிகைக்கடை, மதுக்கடை என்று வாழ்நாளுக்கும் போதும்.

வாங்குமுன் ஃபுல்ட் எண்ணை, அதாவது ஃபுல்ட் என்பவர்களின் டோக்கன் பட்டியலில் அதற்குள்ள எண்ணைக் கேளுங்கள். கடைப்பெயர் போட்டவை என்றால் மாநிலம், ஊர், கடை, அச்சு, உலோகம் எல்லாம் அந்த எண்ணிலேயே வந்துவிடும், கூடவே ஆர்1 முதல் ஆர்10 வரை அரிதான அளவும் சொல்வார்கள். ஆர்1 என்றால் 5,000-க்கு மேல் இருக்கிறது, ஆர்9 என்றால் இரண்டு முதல் நான்கு, ஆர்10 என்றால் ஒன்றே ஒன்று. ஆனால் அரிது என்பதற்காக விலை ஏறிவிடாது, கேட்க ஆள் இல்லாத ஆர்8 மலிவாகவே போகும், எல்லாரும் தேடும் ஆர்3-க்கு அடிதடி நடக்கும். விற்பவர் 'அரிய சரக்கு' என்று அளந்தால் சரி சரி என்று கேட்டுக்கொண்டு பழைய ஏல விலையைப் பாருங்கள்.

லென்ஸில் பார்க்கும்போது பரப்பு பொரபொரவென்று, எழுத்தின் ஓரம் மழுங்கி, விளிம்பில் ஒட்டுக்கோடு தெரிந்தால் வார்ப்புப் போலி, வைத்துவிட்டு வாருங்கள். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, பளபளத்த செம்பை எந்தச் சேகரிப்பாளரும் மதிக்க மாட்டார். மெத்தென்ற பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு கட்டும். மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறை வாங்கிக்கொள்ளுங்கள்.